மேல்நிலைப் பள்ளி டைம் டேபிளை மாற்ற நினைத்தால் தூக்கத்திலிருந்து தொடங்குங்கள்

கேட்டவர் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை பிள்ளைகள் காலையிலேயே வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள், தலைவலி வயிற்றுவலி என்று லீவு கூடிக்கொண்டே போகிறது, அடுத்த கல்வியாண்டில் நேர அட்டவணையை மாற்ற கரஸ்பாண்டென்ட் சம்மதித்துவிட்டார், ஆனால் பொதுத்தேர்வு ரிசல்ட் இறங்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு யோகா பீரியடும் ஒரு கவுன்சலிங் பீரியடும் சேர்த்தால் சரியாகுமா என்பது அவர் கேள்வி.

சரியாகாது. ஏற்கெனவே மூச்சுவிட இடமில்லாத ஒரு நாளுக்குள் இன்னும் இரண்டு பீரியடைத் திணித்தால் பிள்ளைக்கு அது இன்னும் இரண்டு வேலை, அவ்வளவுதான். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 11 முதல் 14 வயது வரையுள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மனதை நிலைநிறுத்தும் தியானப் பாடம் நடத்திப் பார்த்தார்கள், மைரியட் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். 2022-ல் முடிவு வந்தபோது, பள்ளிகள் வழக்கமாக நடத்தும் மனநல வகுப்புகளைவிட இது பிள்ளைகளுக்குக் கூடுதலாக எந்தப் பலனும் தரவில்லை என்று தெரிந்தது. யோகா கெட்டது என்று நான் சொல்லவில்லை, பிள்ளையின் நாள் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுவிட்டு அதன் மேல் ஒரு நல்ல பீரியடை ஒட்டினால் ஒட்டாது என்கிறேன். பல வருஷமாகப் பள்ளிகளுக்கு டைம் டேபிள் போட்டுக் கொடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்வதானால், பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று முதலில் தாளில் எழுதுங்கள், மிச்சமுள்ள மணி நேரத்துக்குள் பள்ளியை வையுங்கள். நாம் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட பரிந்துரை. இதில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. வயசுக்கு வரும் பருவத்தில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் சுரப்பதே தாமதமாகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல பத்தாண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். பத்து வயதில் ஒன்பது மணிக்குக் கண்ணைச் சொக்கிய பிள்ளைக்குப் பதினாறு வயதில் பத்தே முக்கால் வரைக்கும் தூக்கம் வராமலிருப்பது திமிர் இல்லை. போன் அதை இன்னும் மோசமாக்கும், உண்மைதான், ஆனால் போனைப் பிடுங்கி வைத்தாலும் அந்த வயதின் உடம்பு அப்படித்தான் வேலை செய்யும். சரி, பத்தே முக்காலுக்குத் தூங்கினால் எட்டு மணி நேரம் கழித்து ஆறே முக்கால். அதற்கு முன்னால் எழுப்புகிற ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் தூக்கத்திலிருந்து எடுப்பது.

இப்போது நம்மூர்ப் பிளஸ் டூ பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தரைக்கோ ஆறுக்கோ இயற்பியல் டியூஷன். அங்கிருந்து வீட்டுக்கு ஓடிவந்து குளித்து, இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஏழு மணிக்கு வேன் ஏறி, ஏழரை அல்லது ஏழே முக்காலுக்கு ஸ்பெஷல் கிளாஸ், அதில் பெரும்பாலும் ஸ்லிப் டெஸ்ட். ஒன்பது மணிக்கு வெயிலில் பிரேயர். அப்புறம் எட்டு பீரியட். நாலேகாலுக்கு மணி அடித்ததும் மறுபடி ஸ்டடி, ஆறு மணி வரை. வேன் சுற்றிச் சுற்றி ஏழு மணிக்கு வீட்டில் இறக்கிவிடும். அப்புறம் ரெக்கார்டு நோட், நாளைய டெஸ்டுக்குப் புக் பேக் கேள்விகள், பதினொன்றரைக்குப் படுக்கை. ஐந்தரை மணி நேரத் தூக்கம், வாரம் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிவரை தூங்கினால் வீட்டில் திட்டு.

உலகத்தில் மற்ற இடங்களில் என்ன செய்தார்கள் என்றால் முதலில் பள்ளி தொடங்கும் நேரத்தைப் பின்னால் தள்ளினார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கருவி கட்டி மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள், இரவுத் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. எல்லோரும் பயந்ததுபோல் பிள்ளைகள் அந்த அளவுக்குத் தாமதமாகப் படுக்கப் போகவில்லை. மாற்றத்துக்கு முன் அதே உயிரியல் பாடத்தைப் படித்தவர்களைவிட மதிப்பெண்ணும் 4.5 சதவீதம் கூடுதலாக இருந்தது, அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் அந்த எண்ணை நான் அதிகம் பிடித்துத் தொங்க மாட்டேன். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஏழைப் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில் வருகை கூடி, தாமதமாக வருவது குறைந்ததுதான். கலிபோர்னியா 2019-ல் சட்டமே போட்டு, 2022 ஜூலையிலிருந்து உயர்நிலைப் பள்ளிகள் 8:30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றது.

நமக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. படிப்பில் போட்டி நம்மைவிடக் குறைந்த ஊர் இல்லை அது. 2016 ஜூலையில் 7:30-ஐ 8:15 ஆக்கினார்கள். ஒரு மாதத்தில் பிள்ளைகள் படுக்கையில் இருக்கும் நேரம் 23 நிமிடம் கூடியது. ஒன்பது மாதம் கழித்துக் கருவியால் அளந்தபோது தூக்கத்தில் பத்து நிமிடம்தான் கூடுதலாக மிஞ்சியிருந்தது, ஆனால் பகலில் தூங்கி வழிவதும் மனச்சோர்வும் குறைந்திருப்பதாகப் பிள்ளைகளே சொன்னார்கள். தென் கொரியாவில் சியோலைச் சுற்றியுள்ள கியோங்கி மாகாணத்தில் 2014-ல் ஒன்பது மணித் தொடக்கத்தைக் கொண்டுவந்தார்கள், எட்டு வருஷம் கழித்து அதிகாரி மாறியதும் அதை அந்தந்தப் பள்ளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் பள்ளிகளும் தாமதமாகத் தொடங்கட்டும் என்று எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. காகிதத்தில் நம் பள்ளிகள் ஏற்கெனவே ஒன்பது, ஒன்பதேகால், ஒன்பதரை என்றுதான் தொடங்குகின்றன. கலிபோர்னியா சட்டம் போட்டு அடைந்த நேரத்தைவிட நம்முடையது நல்ல நேரம். நம் சிக்கல் அந்த முதல் மணிக்கு முன்னாலும் கடைசி மணிக்குப் பின்னாலும் பள்ளியே முளைக்க வைத்த நேரத்தில் இருக்கிறது. உங்கள் பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று அறிய விரும்பினால் பிராஸ்பெக்டஸைப் பார்க்காதீர்கள், கேட்டுக்குப் பக்கத்தில் நின்று முதல் வேன் எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் பள்ளியின் தொடக்க நேரம். அந்த வேனின் முதல் ஸ்டாப்பில் பிள்ளை எத்தனை மணிக்கு நிற்கிறது என்பது அதைவிட உண்மையான தொடக்க நேரம்.

ஆகவே முதல் வேலை காலை ஸ்பெஷல் கிளாஸை எடுப்பது. பாதியாகக் குறைப்பது, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று அறிவிப்பது எல்லாம் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் விருப்பமுள்ளவர் பட்டியலில் இல்லாத பிள்ளையை மறுநாளே வகுப்பாசிரியர் எழுப்பி நிற்கவைத்துக் காரணம் கேட்பார். முழுக்க எடுத்துவிட வேண்டும். காலை 8:45-க்கு முன்னால் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையும் வளாகத்தில் இருக்கத் தேவையில்லை என்று எழுத்தில் வர வேண்டும். காலை உணவும் இதோடு சேர்ந்து சரியாகும், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான், உங்கள் பிள்ளைகளுக்கு அதுபோல் எதுவும் இல்லை, வீட்டில் உட்கார்ந்து சாப்பிட இருபது நிமிடம் கிடைத்தாலே பிரேயரில் மயங்கி விழுவது பாதி குறையும். ஆசிரியர்களுக்கும் இது பெரிய விடுதலை, ஏழரை மணி வகுப்புக்கு வரும் ஆசிரியை வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வர நாலு மணிக்கு எழுகிறார் என்பதை நிர்வாகம் ஒருநாளும் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்த டெஸ்ட் என்னாவது என்று கேட்பீர்கள். டெஸ்ட் வைப்பது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். எனவே டெஸ்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அதை பீரியடுக்குள் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பாட பீரியடும் மூன்று கேள்வியோடு தொடங்கட்டும், ஒன்று நேற்று நடத்தியதிலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. ஏழு நிமிடம். பக்கத்துப் பிள்ளையோடு நோட்டை மாற்றித் திருத்திக்கொள்ளட்டும், மார்க் பதிய வேண்டாம், பெற்றோர் கையெழுத்து வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் ஏழே முக்காலுக்கு எழுதி பத்து மணிக்குள் மறந்துபோகிற ஒரு மணி நேர டெஸ்டைவிட இதில் தங்குவது அதிகம். ஆசிரியர் கட்டுக்கட்டாகத் தாள் திருத்துவதும் மிச்சம்.

வீட்டுப்பாடத்துக்கும் இதே யோசனை. அமெரிக்காவின் புளோரிடாவில் ஏழாம் வகுப்புக் கணிதத்தில் 54 வகுப்பறைகளில் டக் ரோரர் குழுவினர் சோதித்தார்கள், ஒரே பாடத்துக் கணக்குகளை வரிசையாகப் போட்ட பிள்ளைகள் ஒரு மாதம் கழித்து நடந்த தேர்வில் 38 சதவீதம் எடுத்தார்கள், பல பாடத்துக் கணக்குகளைக் கலந்து போட்டவர்கள் 61 சதவீதம் எடுத்தார்கள். பயிற்சி 5.1-ல் முப்பது கணக்கு என்று கொடுப்பதற்குப் பதில் நாலைந்து பாடத்திலிருந்து கலந்து பத்து கணக்கு கொடுத்தால் போதும். இரவில் ஒரு மணி நேரம் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்கும், அது நேரே தூக்கத்துக்குப் போகும்.

இனி பகல். நீங்கள் அனுப்பிய அட்டவணையில் ஒன்பதேகாலிலிருந்து நாலேகால் வரை 420 நிமிடம். அதில் 45 நிமிடப் பீரியட் எட்டு, அதாவது 360 நிமிடம், சாப்பாட்டுக்கு 40, இரண்டு இன்டர்வெல்லுக்கும் பத்துப் பத்து நிமிடம். இதை 55 நிமிடப் பீரியட் ஆறாக மாற்றச் சொல்வேன். 330 நிமிடம் பாடம், சாப்பாட்டுக்கு 50, இன்டர்வெல் 15 நிமிடமாக இரண்டு, மிச்சமுள்ள பத்து நிமிடம் காலையில் வகுப்பாசிரியருக்கு. வெளிநாட்டுப் பள்ளிகளில் உள்ளதுபோல் 90 நிமிட பிளாக் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் முடிவு. அந்த முறையின் பலனைப் பற்றிய ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, தவிர நம் வகுப்பில் 50 பிள்ளைகள், 90 நிமிடமும் ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பேசிக்கொண்டேயிருந்தால் இப்போதைய 45 நிமிடமே தேவலாம் என்று ஆகிவிடும். செய்முறை வகுப்புக்கு மட்டும் இரண்டு பீரியடைச் சேர்த்து வையுங்கள், 110 நிமிடம் கிடைத்தால் டைட்ரேஷனை அவசரப்படாமல் முடித்து அன்றைக்கே ரெக்கார்டும் எழுதிவிடலாம்.

பிளஸ் டூவுக்கு வாரம் 30 பீரியடை எப்படிப் பங்கிடுவது? தமிழ் 4, ஆங்கிலம் 4, நாலு முக்கியப் பாடங்களுக்கும் ஐந்தைந்து, ஆக 28, மிச்சம் இரண்டும் விளையாட்டு. இடிக்காமல் உட்காரும். பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடமும் ஐந்தைந்து பீரியட், கணிதத்துக்கு ஒன்று கூடுதல், அறிவியல் லேப் ஒன்று, நூலகம் ஒன்று, விளையாட்டு இரண்டு. ஒரு நாளைக்கு எட்டு ஆசிரியர் வந்து எட்டு விதமாக வீட்டுப்பாடம் கொடுத்த இடத்தில் இப்போது ஆறு பேர்தான் வருகிறார்கள், விளையாட்டு உள்ள நாளில் ஐந்து. பையும் இளைக்கும்.

இதில் வாரத்துக்கு 150 நிமிடம் வகுப்பு நேரம் குறைகிறது, அதை மறைக்கக் கூடாது, கரஸ்பாண்டென்ட் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். ஒவ்வொரு பீரியடும் தொடங்கும்போது ஆசிரியர் நடந்து வந்து, போர்டை அழித்து, அட்டெண்டன்ஸ் எடுத்து, எல்லோரையும் உட்கார வைக்க ஐந்து நிமிடமாவது போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தொடக்கம் குறைந்தால் வாரத்துக்கு 50 நிமிடம் திரும்ப வந்துவிடும். நிகரமாக 100 நிமிடம். 210 வேலை நாள் என்றால் 42 வாரம், ஆக வருஷத்துக்கு 70 மணி நேரம். இப்போது உங்கள் பள்ளி காலாண்டு, அரையாண்டு, கல்வித் துறையின் திருப்புதல் தேர்வுகள் தவிரத் தானாக எத்தனை தேர்வு வைக்கிறது என்று பாருங்கள். மாதத் தேர்வு, முழுப்பாடத் தேர்வு, சிறப்புத் திருப்புதல், மாதிரித் தேர்வு. ஆறு பாடத்துக்கு ஆறு நாள், அந்த ஆறு நாளும் வேறு எதுவும் நடப்பதில்லை. அப்படிப்பட்ட இரண்டு சுற்றை எடுத்தாலே 12 நாள், 66 மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. சிங்கப்பூர் 2023-க்குள் எல்லாத் தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளிகளிலும் அரையாண்டுத் தேர்வையே எடுத்துவிட்டது, வகுப்புக்குள் நடக்கும் சின்னச் சின்னச் சோதனைகளையும் ஆண்டிறுதித் தேர்வையும் வைத்துக்கொண்டது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கம் வேண்டாமா என்றால் வேண்டும், அதற்குக் காலாண்டும் அரையாண்டும் திருப்புதலும் இருக்கின்றன.

விளையாட்டுப் பீரியடைப் பற்றி ஒரு வார்த்தை. பத்திலும் பன்னிரண்டிலும் டைம் டேபிளில் பி.இ.டி. என்று எழுதியிருக்கும், அந்த நேரத்தில் கணக்கு வாத்தியார்தான் உள்ளே இருப்பார். ஐந்து முதல் 17 வயது வரை சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம் உடம்பு வேர்க்கிற அளவுக்கு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. நாம் வாரத்துக்கு இரண்டு பீரியடையே பிடுங்கிக்கொள்கிறோம். அந்த இரண்டையும் யாரும் கடன் வாங்க முடியாது என்று தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஸ்டாஃப் ரூமில் ஒட்டுங்கள், உடற்கல்வி ஆசிரியர் லீவு என்றாலும் பிள்ளைகள் மைதானத்துக்குப் போகட்டும். சாப்பாட்டு நேரத்தை ஐம்பது நிமிடமாக்கச் சொன்னதும் இதற்காகத்தான், சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு வேப்ப மரத்தடியில் கால்மணி நேரம் பேசிக்கொண்டு நடக்கவாவது முடியும்.

அடுத்தது யாரும் வாய் திறந்து பேசாத விஷயம். கழிப்பறை. 500 பெண் பிள்ளைகள், பத்துக் கழிப்பறை, பத்து நிமிட இன்டர்வெல். பாதிப் பேர் போனால்கூட ஆளுக்கு 24 விநாடி. அதனால் என்ன நடக்கிறதென்றால் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், காலையில் கொண்டுவந்த பாட்டில் மாலையில் அப்படியே நிரம்பி வீட்டுக்குப் போகிறது, அப்புறம் தலைவலி, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாட்களில் லீவு. நீங்கள் சொன்ன லீவு கணக்கில் ஒரு பங்கு இதுவாகத்தான் இருக்கும், வகுப்பாசிரியைகளைக் கேட்டுப் பாருங்கள். 9, 10 வகுப்புகளுக்கு ஒரு நேரத்திலும் 11, 12-க்கு வேறு நேரத்திலும் இன்டர்வெல் விட்டு அதையும் 15 நிமிடமாக்கினால் அதே பத்துக் கழிப்பறையில் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். செங்கல் ஒன்றுகூட வைக்காமல் டைம் டேபிளில் மட்டும் செய்யக்கூடியது இது. இரண்டு பிரிவும் வேறு வேறு மாடியில் இருந்தால் சத்தத் தொந்தரவும் இருக்காது. வகுப்பு நடுவில் போக வேண்டும் என்று எழுந்து நிற்கும் பிள்ளையிடம் ஏன், இப்போதுதானே இன்டர்வெல் முடிந்தது என்று கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

காலையில் வகுப்பாசிரியருக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் அறிவுரை, ஃபீஸ் பாக்கி, யூனிஃபார்ம் சோதனை எதுவும் வேண்டாம். யார் வரவில்லை, யார் முகம் சரியில்லை என்று பார்க்க மட்டும் அந்த நேரம். ஒரு பிள்ளை ஒடிந்துபோவதை முதலில் கண்டுபிடிக்கப்போவது தினமும் அந்த முகத்தைப் பார்க்கிறவர்தான், வாரம் ஒருமுறை வரும் கவுன்சலர் அதற்கு அப்புறம்தான் தேவைப்படுவார்.

மாலை ஸ்டடியை எடுப்பது காலை வகுப்பை எடுப்பதைவிடக் கஷ்டம், ஏனென்றால் வேலைக்குப் போகும் பெற்றோர் பலருக்குப் பிள்ளை ஆறு மணிவரை பள்ளியில் இருப்பது நிம்மதி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதனால் 4:15-லிருந்து 5:15 வரை மட்டும், வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்துவிட்டுப் போகும் நேரமாக வையுங்கள், ஒரு ஆசிரியர் சந்தேகம் கேட்க உட்கார்ந்திருக்கட்டும், புதிய பாடம் நடத்தக் கூடாது. வேண்டாதவர்கள் நாலேகால் வேனில் போகலாம்.

வேன் என்றதும்தான் இந்தத் திட்டங்கள் எல்லாம் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று தெரியும். புளோரிடா மாநிலம் 2023-ல் உயர்நிலைப் பள்ளிகள் 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது, பஸ்களுக்கும் டிரைவர்களுக்கும் ஆகும் செலவைக் காட்டி மாவட்டங்கள் முறையிட, 2025-ல் அந்தக் கட்டாயத்தையே கைவிட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் 2017-ல் அங்குள்ள எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆட்கள் கணினியில் கணக்குப் போட்டுப் பஸ் ரூட்டையும் பள்ளி நேரத்தையும் அழகாக மாற்றிக் கொடுத்தார்கள், பெரிய பிள்ளைகளுக்கு நேரம் தள்ளிப்போனதால் பல தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு நேரம் முன்னால் வந்தது, பெற்றோர் கொதித்து எழுந்ததும் சில வாரங்களுக்குள் கைவிட்டார்கள். உங்கள் பள்ளியிலும் ஒரே வேன் இரண்டு டிரிப் அடிக்கிறது, முதல் டிரிப் பெரிய பிள்ளைகள், இரண்டாவது டிரிப் சின்னப் பிள்ளைகள். ஸ்பெஷல் கிளாஸை எடுத்துவிட்டு வேனை மாற்றாவிட்டால் பிளஸ் டூ பிள்ளை ஏழரைக்கே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். டிரிப்பைத் திருப்பிப் போடுங்கள், சின்னப் பிள்ளைகள் இயல்பாகவே சீக்கிரம் எழுகிறவர்கள், ஆனால் அவர்களுக்கும் எட்டேகாலுக்கு முன்னால் வளாகத்துக்குள் வரும்படி ஆகக் கூடாது. அரசுப் பேருந்தில் வருகிற பிள்ளைகள் இருந்தால் டெப்போவின் கிளை மேலாளருக்குப் புதிய நேரத்தைக் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள், பக்கத்துப் பள்ளிகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பலம் கூடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பள்ளி விட்ட இடத்தை டியூஷன் பிடித்துக்கொள்ளும். கொரியாவில் டியூஷன் இரவு வெகுநேரம் நீண்டதால்தான் சியோல் நகரம் தனியார் பயிற்சி மையங்கள் இரவு பத்து மணிக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது என்று தடை போட்டது, வழக்கு நடந்தும் தடை நின்றது. உங்களால் அப்படிச் செய்ய முடியாது. உங்களால் முடிந்தது இரண்டு. ஒன்று, உங்கள் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்குக் காலை ஆறு மணி டியூஷன் எடுப்பதை நிறுத்துவது. இரண்டாவது, பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் தூக்கக் கணக்கைப் பேசுவது. பக்கத்துப் பள்ளியில் ஆறு மணிக்கே தொடங்குகிறார்களே என்று கட்டாயம் ஒருவர் எழுந்து கேட்பார். அவரிடம் ஆய்வுகளைச் சொல்வதைவிட, உங்கள் பள்ளிப் பிள்ளைகளே இரண்டு வாரம் எழுதிய தூக்கக் குறிப்பைக் காட்டுவது நல்லது. படுத்த நேரம், எழுந்த நேரம், காலையில் சாப்பிட்டேனா இல்லையா, மூன்றே கட்டம், பெயர் வேண்டாம். தங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐந்தரை மணி நேரம் தூங்குவதைக் கண்ணால் பார்த்த அம்மாக்கள்தான் உங்களுக்கு முதலில் துணை நிற்பார்கள்.

எந்த வகுப்பில் தொடங்குவது? 9-லும் 11-லும். 2017-18-ல் வந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதால் அந்த வகுப்புக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்திருக்கிறது. அந்த இடத்தில் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே நடத்தத் தொடங்கிவிடாதீர்கள், அந்தப் பொதுத்தேர்வு வந்ததே பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விழுங்கிவிட்டு ஓடியதால்தான். இந்தப் பிள்ளைகள் அடுத்த வருஷம் 10-க்கும் 12-க்கும் போகும்போது அட்டவணையும் அவர்களோடு போகட்டும். மார்க்கை மட்டும் பார்த்து மதிப்பிடாதீர்கள், லேட் ரிஜிஸ்டர், மருத்துவ லீவு, சிக் ரூமுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை, ஜூலையிலும் நவம்பரிலும் எழுதும் தூக்கக் குறிப்பு, இவற்றைப் போன வருஷத்து அதே வகுப்போடு ஒப்பிடுங்கள். ஒரு பருவத்தில் முடிவு கேட்டு நெருக்கினால் விட்டுக்கொடுக்காதீர்கள், ஒரு முழு வருஷமாவது வேண்டும். விடுதி இருந்தால் அங்கே நாளைக்கே தொடங்கலாம், வேன் சாக்கு அங்கே கிடையாது, பத்தரைக்கு விளக்கணைத்து ஆறே முக்காலுக்கு எழுப்பினால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். டைம் டேபிள் கமிட்டியில் உள்ள ஆசிரியர் ஒருவரை ஒரு முழு நாள் ஒரு பிளஸ் டூ பிள்ளையோடு அனுப்புங்கள், வீட்டு வாசலில் வேன் ஏறுவதிலிருந்து மாலை இறங்குவது வரை, எட்டு பீரியடும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, இன்டர்வெல்லில் அதே வரிசையில் நின்று. மூன்றாவது பீரியடிலேயே முதுகு வலி எடுக்கும். அவர் வந்து சொல்வதைக் கமிட்டி கேட்ட பிறகு பேனாவை எடுங்கள். ஏப்ரலிலேயே உட்கார்ந்துவிட வேண்டும், மே மாதம் வேன் காண்ட்ராக்ட் முடிவாகிவிட்டால் அப்புறம் எதையும் நகர்த்த முடியாது. அந்தக் கூட்டத்துக்கு டிரைவர்களையும் கூப்பிடுங்கள், எந்த ஸ்டாப்பில் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு நிற்கிறது என்பது பள்ளியில் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.